குளிர் கிழக்குக்கு, அறை வடக்குக்கு

ஒரு புதுவருடத்தன்று காலை, கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிவீட்டில் நான் நித்திரை விட்டு எழும்பியபோது, என் கணவர் வேறு மாகாணத்தவராகி இருந்தார். முதல்நாள் படுக்கும்போது நாங்கள் இருவரும் வடகிழக்கு மாகாணத்தவர்கள். விடிந்தபோது நான் வடக்கு, அவர் கிழக்கு. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், அவர் மட்டக்களப்பார். எங்கள் இருவருக்கும் நடுவில் கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்த மகள் கொழும்பில் பிறந்தபடியால், அவளுடைய மேல் மாகாணத்துக்கு எந்தச் சேதமும் வரவில்லை.

"மறுகா என்ன, இனி நீ வெளிமாகாணத்து ஆள்," என்றார் கணவர் கொட்டாவி விட்டபடி. "தேத்தண்ணி ஊத்தித் தந்தாலும் மாகாணங்களுக்கு இடையிலான ஒத்துழைப்பு எண்டுதான் சொல்லோணும்."

அவருக்குப் பகிடி. அவர் வேலை செய்தது வங்கியில். வங்கி இரண்டாகவில்லை. நான் வேலை செய்ததோ, அன்று இரண்டாகிப் போன மாகாணத்தின் கொழும்பு அலுவலகத்தில்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், வாடகைக்கு எடுத்த பழைய வீடுதான் அந்த அலுவலகம். திருகோணமலைத் தலைமையகத்திலிருந்து கொழும்பு அமைச்சுகளுக்கு வேலையாக வரும் உத்தியோகத்தர்கள் தங்குவதற்குச் சில அறைகள். நடு மண்டபத்தில் எங்கள் மேசைகள். தமிழில் வரும் கடிதங்களைச் சிங்களத்துக்கும், அவற்றுக்குச் சிங்களத்தில் வரும் பதில்களைத் தமிழுக்கும் மாற்றுவது என் தொழில். பதில்கள் பெரும்பாலும் ஒரே பதிலாகவே இருந்தபடியால் வேலை அவ்வளவு பாரமில்லை.

எங்கள் மாகாணமும் விசித்திரமான பிறவிதான். பதினெட்டு வருடங்களுக்கு முன், இந்தியாவோடு செய்த உடன்படிக்கையின்படி வடக்கையும் கிழக்கையும் சேர்த்தபோது, இது தற்காலிகம், கிழக்கு மக்களிடம் வாக்கெடுத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்றார்கள். பிறகு வருடாவருடம் அந்த வாக்கெடுப்பை ஒத்திவைத்தார்கள். ஒத்திவைக்கும் அறிவித்தலின் வாசகம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. திகதியை மட்டும் மாற்றினால் போதும். பல வருடங்களாகத் தேர்ந்தெடுத்த சபையும் கிடையாது. ஆளுநர் இருந்தார், கோப்புகள் இருந்தன, நாங்கள் இருந்தோம். கடைசியில், சேர்த்த முறையே சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதினெட்டு வருடத் தற்காலிகம் முடிந்தது.

தீர்ப்பு வந்த மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு மேசையில், எங்கள் அலுவலக வீட்டுக்குள் முதல் விரிசல் விழுந்தது.

எங்கள் தலைமைக் கிளாக்கர் வடமராட்சிக்காரர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். மற்றவர்களின் ஆங்கிலத்தில் பிழை பிடிப்பது அவருக்குக் காலைச் சாப்பாட்டைவிட முக்கியம். கணக்காளர் அம்பாறைப் பக்கத்து முஸ்லிம்; அவர்களின் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் ‘நானா’ என்றுதான் கிளாக்கர் அவரைக் கூப்பிடுவார். குடும்பத்தோடு தெஹிவளையில் இருந்தார். பகிடி சொல்லுமுன்பே தானே சிரித்துவிடுகிற ஆள். இந்த இரண்டு பேரும் பத்து வருடமாக ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து சாப்பிட்டவர்கள். வெள்ளிக்கிழமைகளில் கணக்காளர் ஜும்ஆத் தொழுகை முடித்து வரும்வரை கிளாக்கர் பசியோடு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு காத்திருப்பார். எங்களுக்குச் சமைத்த அக்கா கொட்டாஞ்சேனைக்காரி. கணக்காளருக்காக அவர் கோழியை முஸ்லிம் கடையில்தான் வாங்குவார். பின்னேரம் நானும் அவரும் ஒரே பஸ்ஸில் திரும்புவோம்.

அன்று கிளாக்கர் சோற்றைப் பிசைந்தபடி, பகிடியாகத்தான் தொடங்கினார்.

"என்ன நானா, இண்டைக்கு முகத்தில ஒரு வெளிச்சம்?"

கணக்காளர் சிரிக்கவில்லை. அதுவே எங்களுக்குப் புதினமாக இருந்தது.

"பொய் சொல்லி என்ன செய்ய சேர்? எனக்கு ஒரு பக்கம் சந்தோசமாத்தான் இருக்கு."

"சந்தோசமோ?"

"சேர்க்கக்குள்ள எங்களிட்ட ஆரும் கேட்டாங்களா? வடக்கோட இருக்க விருப்பமா எண்டு எங்கட ஆக்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டாங்களா? இல்லயே."

"அப்ப பிரிக்கேக்கை மட்டும் என்னட்ட வந்து கேட்டவங்களோ?" என்றார் கிளாக்கர்.

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் தொல்லை. ஒருவர் சொன்னது பிழை என்றால் மற்றவர் மன்னித்திருக்கலாம். கிளாக்கர் பாதிச் சோற்றோடு எழும்பிக் கையைக் கழுவினார். மறுநாள் அவர் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டார். கணக்காளர் ஒன்றரைக்கு வந்தார். சமையல் அக்கா கறியை இரண்டாம் தரம் சூடாக்கியபடி, "ரெண்டு மாகாணத்துக்கும் நான் ஒருத்தியா?" என்று சட்டியிடம் கேட்டார். அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வருமுன்பே எங்கள் அலுவலகத்தில் பிரிவினையை அங்கீகரித்தவர் அவர்தான்.

புதுவருடம் பிறந்து கொஞ்ச நாளில், வீட்டைப் பிரிப்பதற்கென்று திருகோணமலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். உதவிச் செயலாளர் தரத்து மனிதர். வந்ததும் கதிரையில் சரிந்து, "வாகனம் பிரிச்சாச்சு, கோப்புகள் பிரிச்சாச்சு, ஆக்களையும் பிரிச்சாச்சு. உங்கட வீடு ஒண்டுதான் மிச்சம்," என்றார். இத்தனைக்கும் வடக்கின் தலைமை நிர்வாகம் இன்னும் திருகோணமலையில்தான், அதாவது கிழக்கில்தான், இருந்தது. விவாகரத்து வாங்கியவர் போக இடமில்லாமல் பக்கத்து அறையிலேயே இருப்பது போல.

கதிரைகளைப் பிரிப்பது சுலபமாக இருந்தது. உனக்கொன்று எனக்கொன்று. ஆடும் கதிரைகள் எல்லாம் ஒரே பக்கம் போகாதபடி மட்டும் இரண்டு பேரும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதே முறையில் என்னுடைய சிங்கள–தமிழ் அகராதியையும் பிரித்துவிட்டார்கள். அது இரண்டு பாகம். முதற்பாகம் வடக்குக்கு, இரண்டாம் பாகம் கிழக்குக்கு. "இது ஒரே புத்தகம்," என்று நான் சொல்லிப் பார்த்தேன். பெரியவர் இரண்டையும் கையில் தூக்கிக் காட்டி, "ரெண்டு இருக்கே தங்கச்சி?" என்றார். அன்றிலிருந்து அகரவரிசையில் பின்னால் வரும் சொல் எதுவும் தேவைப்பட்டால் நான் மாகாணம் கடந்து போய்வர வேண்டியதாயிற்று.

பிறகு என் முறை வந்தது.

"நீங்க பிறந்தது?"

"யாழ்ப்பாணம், சேர்."

"அப்ப வடக்கு. கலியாணம் கட்டினது?"

"மட்டக்களப்பு."

"வீடு?"

"கொட்டாஞ்சேனை."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். திருகோணமலையில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. "முடிவு வரும்வரைக்கும் ரெண்டு பக்கத்துக்கும் செய்யுங்க. தற்காலிகமா," என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதுமே இது இலேசில் முடியாது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அறைகளில்தான் பிடுங்குப்பாடு. கிளாக்கர் ஒரு கணக்குச் சொன்னார், கணக்காளர் இன்னொரு கணக்குச் சொன்னார். மாவட்டங்களின் எண்ணிக்கைப்படி என்றார் ஒருவர். வந்து தங்குகிறவர்களின் எண்ணிக்கைப்படி என்றார் மற்றவர். மத்தியானம் ஆகியும் ஓர் அறைகூட நகரவில்லை. களைத்துப்போன பெரியவர் எழும்பி வெளியே போய், ஒழுங்கையில் நின்று கடல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வந்தார். மண்டபத்தின் நடுவில் நின்று கையை நீட்டினார்.

"கடல் மேற்கு. அப்ப வாசல் பக்கம் வடக்கு. காலி வீதிப் பக்கம் கிழக்கு. வடக்குப் பக்கத்து அறையள் வடக்குக்கு, கிழக்குப் பக்கத்து அறையள் கிழக்குக்கு. இதில ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது."

ஒருவரும் குறை சொல்லவில்லை. சமையல் அக்கா மட்டும் எட்டிப் பார்த்து, "அப்ப குசினி யாருக்கு சேர்?" என்றார். குசினி தென்மேற்கில் இருந்தது. அதையும் கழிவறையையும் பொதுவென்று விட்டார்கள்.

மூலையறையில் எல்லாம் சிக்கியது. வாசலுக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட மூலை. திசைகாட்டி வைத்துப் பார்த்தாலும் சரியாக வடகிழக்கு. அந்த வீட்டில் ஏசி பூட்டிய ஒரே அறையும் அதுதான். வாசல் பக்கம் யன்னல் இருப்பதால் தங்களுடையது என்றார் கிளாக்கர். கட்டில் தலைமாடு கிழக்கே இருக்கிறது என்றார் கணக்காளர். நீதியரசர்களே பிரித்துவிட்ட வடகிழக்கு, வெள்ளவத்தையில் பத்தடிக்குப் பத்தடி அளவில் இன்னும் பிரியாமல் கிடந்தது.

"அத பிறகு பாப்பம். இப்போதைக்குப் பூட்டி வையுங்கோ," என்றார் பெரியவர்.

திறப்பு யாரிடம் இருப்பது என்று அடுத்த வழக்கு. கடைசியில் கிளாக்கர் ஒரு பூட்டுப் போட்டார், கணக்காளர் இன்னொரு பூட்டுப் போட்டார். இரண்டும் திறந்தால்தான் கதவு திறக்கும். அன்று பெரியவரே வேறோர் அறையில் வேர்த்து விறுவிறுத்துப் படுத்துவிட்டு, விடிய வெளிக்கிட்டார்.

மண்டபத்தின் குறுக்கே ஒரு பலகைத் தட்டி வந்தது. மெல்லிய தட்டி, ஒருவர் தும்மினால் மற்றப் பக்கத்தில் மேசை அதிரும். ஆனாலும் கிளாக்கர் தட்டிக்கு அப்பால் நேரே கதைக்கமாட்டார். "பிள்ளை, அங்கால ஒருக்கா கேளும், முத்திரை மை இருக்கோ எண்டு," என்பார் என்னிடம். நான் வாய் திறக்குமுன் தட்டிக்கு அப்பாலிருந்து, "மிஸ், முடிஞ்சுபோச்செண்டு சொல்லுங்க," என்று குரல் வரும். இரண்டு பேரும் தமிழில்தான் கதைத்தார்கள். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.

வீட்டில் இதையெல்லாம் சொன்னால் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் வெளியே அப்போது சிரிக்கிற காலமாக இருக்கவில்லை. யுத்தம் மறுபடி மூண்டிருந்தது. வெள்ளவத்தையில் ஒழுங்கை ஒழுங்கையாகச் சோதனை நடக்கும். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் கைப்பையில் வைக்காமல் நான் பாண் வாங்கக்கூடப் போனதில்லை.

அப்படி ஒரு நாள் காலை பத்து மணி போல எங்கள் அலுவலகத்துக்கும் வந்தார்கள். தலைமை தாங்கி வந்த சப் இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கணக்காளர் கோட்டையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டில் கிளாக்கரும் நானும் சமையல் அக்காவும்தான். எல்லா அறைகளையும் திறந்து காட்டினோம். மூலையறைக் கதவுக்கு முன்னால் வந்ததும் அவர் நின்றார். இரண்டு பெரிய பூட்டுகள்.

"இது என்ன அறை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கிளாக்கருக்கு மரக்கறி வாங்குமளவு சிங்களம் தெரியும். பயத்தில் அதுவும் போய்விட்டது. "பிள்ளை, நீர் வடிவா விளங்கப்படுத்தும். உடன்படிக்கையிலயிருந்து தொடங்கும்," என்றார்.

நான் உடன்படிக்கையை விட்டுவிட்டு, "இந்த அறை இரண்டு மாகாணத்துக்குச் சொந்தம் சேர்," என்றேன்.

"உள்ளுக்கு என்ன இருக்கு?"

"ஏசி."

"வேறு?"

"கட்டில்."

"ஒரு ஏசிக்கும் கட்டிலுக்கும் இரண்டு பூட்டா?"

கேள்வியைக் கிளாக்கருக்குத் தமிழில் சொன்னேன். அவர் தன் பூட்டைத் திறந்தார். சப் இன்ஸ்பெக்டர் மற்றப் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"இதன் திறப்பு?"

"கிழக்கு மாகாணத்திடம்."

"கிழக்கு மாகாணம் எங்கே?"

"கோட்டையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறது," என்றேன். பொய்யில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பகிடி விடுகிறேனா என்று யோசித்திருப்பார். பிறகு வெளியே போய் யாரோடோ தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்தார். திறப்பு வரும்வரை ஒரு பொலிஸ்காரர் கதவடியில் நிற்பார். நாங்கள் நிலையத்தில் இருக்கவேண்டும். "பயப்பட வேண்டாம், வந்ததும் அனுப்புகிறேன்," என்றார். அப்படிச் சொல்லி அழைத்துப் போகப்பட்டவர்களின் கதைகளும் எங்களுக்குத் தெரியும். சமையல் அக்கா அகப்பையைக் கையில் பிடித்தபடியே ஜீப்பில் ஏறிவிட்டார். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நிலையத்தில் எங்களை ஒரு நீள வாங்கில் இருத்தினார்கள். எங்களுக்கு முன்பே வந்து குந்தியிருந்தவர்கள் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. ஒரு தாய் கடவுச்சீட்டுப் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த நேரம் முழுக்க எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். மகளைப் பாடசாலையிலிருந்து யார் கூட்டிவருவது என்பதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன்.

விபரம் எழுதிய பொலிஸ்காரர் இளம் ஆள். எந்த மாகாணம் என்று கேட்டார். கிளாக்கர் நிமிர்ந்து, "வடக்கு," என்றார். நான் வடக்கில் பிறந்து கிழக்கில் கலியாணம் செய்து, தற்காலிகமாக இரண்டிலும் வேலை செய்கிறேன் என்றேன். சமையல் அக்கா கொட்டாஞ்சேனை என்றார். பொலிஸ்காரர் பேனையைக் காதில் சொருகிக்கொண்டு எங்கள் மூவரையும் பார்த்தார்.

"ஒக்கொம எகய் நேத?" என்றார். எல்லாம் ஒன்றுதானே?

நீதிமன்றம் கட்டுக்கட்டாக வாசித்துத் தீர்த்த விசயத்தை அவர் ஒரு மூச்சில் மறுபக்கமாகத் தீர்த்துவிட்டு, எங்கள் மூவரையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டார்.

கிளாக்கர் வாங்கில் என் பக்கம் சரிந்து, மெல்லிய குரலில், "பிள்ளை, கனடாவில மகனுக்கு இதச் சொல்லிப்போடாதேயும். பயந்துபோவான்," என்றார். அவர் கையில் குடை இருக்கவில்லை. பத்து வருடமாக அவரைப் பார்க்கிறேன். அவர் ஒரு வயதான மனிதர் என்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

பின்னேரம் ஆகி, ஒரு முச்சக்கரவண்டி வந்து வாசலில் நின்றது. கணக்காளர் இறங்கினார். கூட்டம் முடிந்து அலுவலகத்துக்கு வந்தவரிடம் கதவடியில் நின்ற பொலிஸ்காரர் விசயத்தைச் சொல்லியிருக்கிறார். திறப்பைக் கொடுத்துவிட்டு அவர் தெஹிவளைக்குப் போயிருக்கலாம். சப் இன்ஸ்பெக்டரும் அவருடைய அடையாள அட்டையில் முஸ்லிம் பெயரைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

"நீங்கள் போகலாம். திறப்பை மட்டும் தாருங்கள்."

"இவர்கள் என்னுடைய அலுவலகத்து ஆட்கள். கூட்டிக்கொண்டு போகிறேன்," என்றார் கணக்காளர். அவருடைய சிங்களம் வழுக்கிக்கொண்டு போகும்.

"எந்த அலுவலகம்? இரண்டு அலுவலகம் என்று இந்த நோனா சொன்னாவே?"

கணக்காளர் வாங்குப் பக்கம் திரும்பினார். கிளாக்கர் தலையைக் குனிந்தபடி இருந்தார். கணக்காளர் மறுபடி சப் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார்.

"எகய் சேர்," என்றார். "ஒரே ஒஃபீஸ்."

"அப்போது ஏன் இரண்டு பூட்டு?"

"ஒன்றின் திறப்பு எப்போதும் தொலைந்துபோகும் சேர்."

பிரிந்தது சந்தோசம் என்று எங்கள் அலுவலகத்தில் வாய் திறந்து சொன்ன ஒரே மனிதர், அன்று ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்து வடக்கையும் கிழக்கையும் மறுபடி இணைத்தார். வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

எல்லோரும் ஒரே ஜீப்பில் திரும்பினோம். கணக்காளர் தன் பூட்டைத் திறந்தார். உள்ளே தூசி படிந்த கட்டில், செத்த கரப்பான் பூச்சி, ஏசி. சப் இன்ஸ்பெக்டர் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஏசியைப் போடச் சொன்னார். அதற்குள்ளும் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவாக்கும் என நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். சமையல் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். "எங்கள் நிலையத்தில் இது இல்லை," என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். தேத்தண்ணி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போனார்.

அவர் போன பிறகு கிளாக்கரும் கணக்காளரும் அந்த அறைக்குள்ளேயே நின்றார்கள். நான் கதவடியில் நின்றேன். மகளைக் கணவர் போய்க் கூட்டிவந்துவிட்டார் என்று தெரிந்து என் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருந்தது.

"ஏன் நானா பொய் சொன்னனீங்கள்?" என்றார் கிளாக்கர். பல மாதங்களுக்குப் பிறகு அவர் நேரே கேட்ட முதற் கேள்வி.

"அவருக்கு இந்தக் கதையெல்லாம் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தா நீங்க இன்னும் அந்த வாங்கிலதான் இருந்திருப்பீங்க."

"ம்."

"ஆனா ஒண்டு சேர். கிழக்கு தனியாப் போனது எனக்குச் சரிதான். அதில மாத்தம் இல்ல."

"எனக்கும் மாத்தம் இல்லை," என்றார் கிளாக்கர். "அது அநியாயம்தான்."

"சரி சேர்."

"சரி நானா."

அதற்குப் பிறகு அந்தக் கதவுக்கு இருவரும் பூட்டுப் போடவில்லை. மறுநாள் மத்தியானம் கிளாக்கர் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வந்தார். கணக்காளரும் அதே நேரத்துக்கு வந்தார். அரசியல் தவிர்ந்த எல்லாவற்றையும் கதைத்தார்கள். அரசியல் தவிர்ந்தது அந்தக் காலத்தில் அதிகம் இருக்கவில்லை. மீன் கறியைப் பற்றியே நெடுநேரம் கதைத்தார்கள்.

இந்தச் சமாதானம் மேலிடத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது போலும். இரண்டு கிழமை கழித்து ஓர் உத்தரவு வந்தது. ஏசி வாங்கப்பட்டது கிழக்குக்கென்று ஒதுக்கிய திட்டமொன்றின் கீழ் என்பதால் ஏசி கிழக்குக்கு. அறை வாசற் பக்கமாகத் திறப்பதால் அறை வடக்குக்கு. குளிர் கிழக்குக்கும் அறை வடக்குக்குமாக, வடகிழக்கின் கடைசித் துண்டும் பிரிந்தது. ஏசியைக் கழற்ற வந்த மெக்கானிக், "இதை எங்கே பூட்டுறது?" என்று கேட்டார். கிழக்கு அறைகளில் அதைப் பூட்டுவதற்கு ஏற்ற சுவர் ஒன்றும் இல்லை. அது மண்டபத்திலேயே பெட்டிக்குள் இருந்தது. சமையல் அக்கா அதன் மேல் ஊறுகாய்ப் போத்தல்களை அடுக்கினார். வடக்குக்குக் கிடைத்த அறையின் சுவரில் ஒரு சதுர ஓட்டை மிஞ்சியது. அதன் வழியாகக் காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தமும் அவ்வப்போது ஒரு காகமும் வந்துபோயின. உத்தரவைச் சிங்களத்துக்கு மாற்றி இரண்டு மாகாணத்துக்கும் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

சில வருடங்களில் யுத்தம் முடிந்தது. வடக்கு நிர்வாகம் திருகோணமலையை விட்டு ஒருவழியாக வடக்குக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டின் சொந்தக்காரர் அந்த அலுவலக வீட்டை மாடி கட்டுபவர்களுக்கு விற்றுவிட, இரண்டு அலுவலகங்களும் வேறு வேறு ஒழுங்கைகளுக்குப் போயின. எனக்கான முடிவு வரவேயில்லை. கிழமையில் சில நாள் அங்கும் சில நாள் இங்குமாக வேலை செய்து, தற்காலிகமாகவே ஓய்வுபெற்றேன். சமையல் அக்கா மகளோடு வத்தளைக்குப் போய்விட்டார்; நத்தாருக்குக் கேக் அனுப்புவார்.

கிளாக்கர் மகனிடம் கனடாவுக்குப் போனார். கணக்காளர் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பினார். இருவரும் என்னோடு தொலைபேசியில் கதைப்பார்கள்.

போன வருடம் கணக்காளர் எடுத்தபோது பின்னணியில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. அவருடைய ஊரைப் பக்கத்து ஊரின் நிர்வாகத்திலிருந்து பிரித்துத் தனிச் சபை தரவேண்டும் என்று கொட்டகை போட்டுக் குந்தியிருக்கிறார்களாம். அந்தப் போராட்டக் குழுவுக்கு அவர் செயலாளர்.

"பக்கத்து ஊரும் உங்கட ஆக்கள்தானே?" என்றேன்.

"அதுதான் மிஸ் பிரச்சின. எங்கட ஊர்க் குப்பைய அள்ளுறதுக்கு அவங்களிட்டப் போய்க் கெஞ்சணுமா?"

அடுத்த மாதம் கிளாக்கர் எடுத்தார். அங்கே அவர்களுடைய ஊர்ச் சங்கம் உடைந்துவிட்டது. கிழக்குத் தெரு ஆட்கள் கூட்டத்தை மறித்துவிட்டார்களாம். வடக்குத் தெருவினர் தனிச் சங்கம் தொடங்குகிறார்களாம். அவர்தான் தலைவர். குரலில் இருபது வயது குறைந்திருந்தது.

"ஒற்றுமையா இருந்திருக்கலாமே ஐயா?"

"ஒற்றுமை எண்டு சொல்லிச் சொல்லி எத்தினை காலத்துக்கு அவங்களுக்குக் கீழ இருக்கிறது, பிள்ளை? எங்களிட்ட ஒரு யோசனையும் கேக்கிறதில்லை."

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, கணக்காளரின் இலக்கம் இருக்கிறதா என்று கேட்டார்.

"என்ன விசயம்?"

"சங்கத்துக்குச் சட்டதிட்டமெல்லாம் போட்டு யாப்பு ஒண்டு எழுதவேணும். சொத்துப் பிரிக்கிற வழியும் பாக்கவேணும். பிரிஞ்சு போறதில அந்தாளுக்கு அனுபவம் கூட."

இலக்கத்தைக் கொடுத்தேன். இப்போது இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள். கிளாக்கருடைய யாப்பைக் கணக்காளர் திருத்துகிறார்; கணக்காளர் அரசாங்கத்துக்கு எழுதும் மகஜரில் ஆங்கிலப் பிழைகளைக் கிளாக்கர் பிடிக்கிறார். போன கிழமை இரண்டையும் எனக்கு அனுப்பியிருந்தார்கள். யாப்பை ஆங்கிலத்துக்கும் மகஜரைச் சிங்களத்துக்கும் மாற்றித் தரவேண்டுமாம், அவசரமாம். என் கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வாசித்துவிட்டு, நல்லாத்தான் எழுதியிருக்கிறாங்க என்றார். நான் மகஜரை முடித்துவிட்டேன். யாப்பில் சொத்துப் பிரிக்கும் பந்தியில் நிற்கிறேன். அவர்களிடம் இருப்பது ஒரு மேளமும் சோறு காய்ச்சும் இரண்டு கிடாரமும்தான். ஆனால் பந்தி மூன்று பக்கம் நீள்கிறது.